அமெரிக்காவில் கல்யாணமாகாத மாப்பிள்ளை

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் ஜோடியாக ரூம் கேட்டு வருகிறவர்களின் முகத்தை ஹஃப்சா முதலில் பார்ப்பதில்லை. பையைப் பார்ப்பாள். ஒரே பையில் இரண்டு பேர் துணியும் திணித்து, ஜிப் மூடாமல் வந்தால் புருஷன் பெண்டாட்டி. ஆளுக்கொரு பை என்றால் யோசிக்க வேண்டும். அதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. அருவியிலிருந்து திரும்பும்போது ஈரத் துண்டை யார் பிழிவது என்று வாசலிலேயே சண்டை போட்டால் சந்தேகமே வேண்டாம், முறையாகக் கட்டிக்கொண்டவர்கள்தான். கட்டிக்கொள்ளாதவர்கள் துண்டை மாறி மாறிப் பிழிந்து கொடுத்துக்கொள்வார்கள்.

ஐந்தருவி போகிற ரோட்டில் இருக்கும் அந்தச் சின்ன லாட்ஜ் அவளுடைய அத்தா நாசருடையது. கவுண்டரில் உட்காருவது ஹஃப்சா. கல்யாணமாகாத இரண்டு பேர் ஒரு ரூமில் தங்கக் கூடாது என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. நாசரின் லாட்ஜில் இருக்கிறது. போன வாரம்கூட விருதுநகர்ப் பக்கத்துப் பையன் ஒருத்தன் கோபப்பட்டான்.

“கழுத்துல தாலி தொங்குதுல்லா மேடம், பாத்தா தெரியலயா?”

“தாலி பஜார்லயே தொங்குது தம்பி. ரெண்டு பேரு ஆதாரையும் எடுங்க.”

ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் இப்படி அத்தாட்சி கேட்கும் ஹஃப்சாவின் கல்யாணத்துக்கு அத்தாட்சி ஏராளமாக இருக்கிறது. அவளுடைய கஷ்டமே அதுதான்.

கல்யாணமாகி பத்து வருஷம். மாப்பிள்ளை உசாமா நியூஜெர்சியில் ஒரு மருந்துக் கிடங்கில் வேலை பார்க்கிறான். கையில் கிரீன்கார்டு இருக்கிறது. கிரீன்கார்டு உள்ளவன் மனைவியை அழைத்துக்கொள்ள அமெரிக்காவில் தனியாக ஒரு விசா வரிசையே வைத்திருக்கிறார்கள். மற்ற வரிசைகளோடு பார்த்தால் அது சீக்கிரம் நகர்கிற வரிசை. உசாமா விண்ணப்பம் போட்டால் போதும். போட்டால் என்ன ஆகுமென்றால், அவள் அங்கே போகமாட்டாள்; அவன் இங்கே வந்துவிடுவான்.

இது எப்படி என்று சொல்ல உசாமாவின் அத்தா துல்கர்னைனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவர் தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அமெரிக்கக் குடிமகனான அண்ணன் ஒருவர் அவருக்கு விண்ணப்பம் போட்டார். தம்பிமார் வரிசை தேரைவிட மெதுவாக நகரும். விசா வந்து சேர்ந்தபோது துல்கர்னைனுக்குத் தலை நரைத்திருந்தது, மகன் உசாமாவுக்கு இருபத்தொன்று தாண்டியிருந்தது. இருபத்தொன்று தாண்டியவன் அந்த ஊர்க் கணக்கில் பிள்ளை இல்லை. ஆகவே பெற்றோர் போனார்கள். பிள்ளை தென்காசியிலேயே நின்றான். போன கையோடு துல்கர்னைன் மகனுக்கு விண்ணப்பம் போட்டார். ‘கல்யாணமாகாத மகன்’ என்று அந்த வரிசைக்குப் பெயர். அதற்கு ஒரே நிபந்தனை, விசா வாங்கி அங்கே போய் இறங்கும்வரை கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. செய்துகொண்டால் விண்ணப்பம் அந்த நிமிஷமே செத்துவிடும். யாரும் கொல்ல வேண்டியதில்லை.

இந்த விதி அவர்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். வந்த சம்பந்தங்களையெல்லாம் இந்த ஒரு காரணத்தைச் சொல்லித்தான் தட்டினார்கள். கல்யாணம் கூடாது என்பதில் அவர்கள் கடைசிவரை உறுதியாக இருந்தார்கள். கல்யாணம் என்றால் எது என்பதில்தான் பிசகிவிட்டது.

2016-இல் நாசருக்கு நெஞ்சுவலி வந்தது. திருநெல்வேலியில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோங்கள், பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றார். நியூஜெர்சியிலிருந்து ஜாஹிரா பீவி விமானம் ஏறி வந்தாள். நாசரின் ஒரே தங்கை, உசாமாவின் அம்மா. வந்தவள் அண்ணன் கட்டிலோரம் உட்கார்ந்து அழுதாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உசாமாவைக் கூப்பிட்டாள்.

“ஏலே, மாமா கண்ணை மூடுறதுக்குள்ள ஹஃப்சாவை ஒனக்கு ஓதி வச்சுருவோம்.”

“என் விசா என்னம்மா ஆகுறது?”

“கல்யாணமா பண்ணச் சொல்லுதேன்? நிக்காஹ்தானலே ஓதச் சொல்லுதேன். கல்யாணம் நீ அமெரிக்கா போயிட்டு வந்து மண்டபத்துல ஜாம்ஜாம்னு வச்சுக்கிடலாம்.”

நியூஜெர்சிக்குப் போன் போட்டார்கள். துல்கர்னைன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “பந்தி கிந்தி போடலல்லா?”

“சேமியா பாயசம் மட்டும்தான்.”

“அப்ப சரி.”

இதில் யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் தெருவில் அப்படித்தான் வழக்கம். மாப்பிள்ளை வெளிநாட்டுக்குப் போகிற அவசரத்தில் நிக்காஹ் ஓதிவிடுவார்கள். பெண் அம்மா வீட்டிலேயே இருப்பாள். இரண்டு வருஷம் கழித்து மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, பிரியாணி போட்டுப் பெண்ணை அனுப்புவார்கள். அந்தப் பிரியாணிக்குத்தான் கல்யாணம் என்று பெயர். பிரியாணி வேகாதவரை கல்யாணமாகவில்லை.

ஜமாஅத் செயலாளர் மன்சூர் இமாமை அழைத்துக்கொண்டு வந்தார். நாசர் ஆக்சிஜன் குழாயைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு மகளைக் கொடுத்தார். உள் அறையில் ஹஃப்சா சம்மதம் சொன்னாள். அப்போது அவளுக்கு வயது இருபத்தொன்று; பி.காம். கடைசிப் பரீட்சை முடிந்திருந்தது. மச்சான் மச்சான் என்று சின்ன வயதிலிருந்து கூப்பிட்டவனைத் தொடர்ந்து மச்சான் என்றே கூப்பிடலாம் என்பதைத் தவிர அன்று அவளுக்கு வேறெதுவும் விளங்கவில்லை.

நாசர் அன்று சாயந்தரம் பாயசம் கேட்டார். மறுநாள் இட்லி கேட்டார். மறுவாரம் எழுந்து உட்கார்ந்தார். அடுத்த சாரல் சீசனுக்கு லாட்ஜ் கவுண்டரில் இருந்தார். டாக்டரிடம் கேட்டபோது, அப்படியும் சில பேருக்கு ஆகும் என்றார்.

நாசர் சாகாததில் எல்லாருக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில், எந்தக் காரணத்துக்காக நிக்காஹை அவசரப்படுத்தினோமோ அது போய்விட்டது, நிக்காஹ் மட்டும் நிற்கிறது என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து உசாமாவை மும்பைக்கு விசா நேர்காணலுக்கு அழைத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, கல்யாணமாகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றான். மனசு கொஞ்சமும் உறுத்தவில்லை; மண்டபம்கூடப் பார்க்கவில்லையே. பொய் சொல்லிப் பழகியவனாக இருந்தால் ஒரு நொடியாவது யோசித்திருப்பான். அவன் கூசாமல் சொன்னான், விசா கிடைத்தது. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு வழியனுப்ப வேன் பிடித்துப் போனவர்களில் ஹஃப்சாவும் உண்டு.

இடையில் கொரோனா வந்தது. 2022-இல் உசாமா லீவில் வந்து கல்யாணம் நடந்தது. மண்டபம், பத்திரிகை, வீடியோ, பிரியாணி எல்லாம் இருந்தது. நிக்காஹ் மட்டும் இல்லை. இரண்டாவது தடவை ஓத மன்சூர் சம்மதிக்கவில்லை.

“இருக்கிற பொண்டாட்டியையே எப்படிக்கா புதுசாக் கட்டி வைக்கிறது?” என்று ஜாஹிரா பீவியிடம் சிரித்தார். அவளும் சிரித்தாள். அப்போது எல்லாருக்கும் சிரிப்பு வந்தது.

லீவு முழுவதும் உசாமா குற்றாலத்தில் அவளோடு இருந்தான். சாப்பாடு முடிந்து இருவரும் ஐந்தருவிக்கு நடப்பார்கள். அவன் ஆண்கள் பக்கம் குளிப்பான், அவள் பெண்கள் பக்கம் குளிப்பாள். திரும்பி வந்து துண்டுக்குச் சண்டை போடுவார்கள். அவள் தன் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாள். குளிருக்கு ஒரு கோட்டு வாங்கினாள். தென்காசியில் கோட்டு கிடைப்பது கஷ்டம். கிடைத்தது மாப்பிள்ளைமார் ரிசப்ஷனுக்குப் போடுகிற கோட்டு. சங்கரன்கோவிலில் தேடி ஒரு கம்பளிச் சட்டை வாங்கினாள். அது இன்னும் கவரில்தான் இருக்கிறது.

உசாமா திரும்பிப் போய், மனைவிக்கு விண்ணப்பம் போட ஒரு வக்கீல் அம்மாளைப் பார்த்தான். அன்று போனில் அவன் குரலே வேறாக இருந்தது.

“கல்யாணத் தேதி என்னன்னு கேட்டாட்டி. ரெண்டு இருக்கு, ஒங்களுக்கு எது வசதின்னு கேட்டேன்.”

“அதுக்கு என்ன சொன்னாவ?”

“கையில இருந்த பேனாவை மூடி வச்சுட்டா.”

வக்கீல் அம்மாள் பிறகு பேசியதன் சாரம் இது. உங்கள் ஊர் ஜமாஅத்துக்கு 2016-இல் கல்யாணமாகிவிட்டது என்றால் அமெரிக்காவுக்கும் அப்போதே ஆகிவிட்டது. பிரியாணியை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. அப்படியானால் நீங்கள் மும்பையில் சொன்னது பொய். அந்தப் பொய்யின்மேல் வாங்கிய கிரீன்கார்டு செல்லாது. மனைவிக்கு விண்ணப்பம் போட்டால் கல்யாணச் சான்றிதழ் வைக்க வேண்டும். சான்றிதழில் தேதி இருக்கும். தேதியைப் பார்த்தவுடன் உங்கள் பழைய ஃபைலை எடுப்பார்கள். அதாவது ஹஃப்சா உங்கள் மனைவி என்று எவ்வளவு நன்றாக நிரூபிக்கிறீர்களோ, அவ்வளவு சீக்கிரம் நீங்கள் ஊருக்குப் போகலாம்.

ஜாஹிரா பீவி அடுத்த விமானத்தில் வந்தாள். கைநிறைய பாதாம் பாக்கெட்டோடு மன்சூரின் ஹார்டுவேர் கடைக்குப் போனாள். ஹஃப்சாவையும் கூட்டிக்கொண்டு போனாள்.

“தம்பி, ஒரே ஒரு சர்ட்டிபிகேட். 2022-ன்னு தேதி போட்டுக் குடுத்துரு. ஒரு பிள்ளையோட வாழ்க்கை.”

மன்சூர் பெயிண்ட் டப்பாவைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “குடுத்துட்டேன்னே வச்சுக்கிடுவோம்க்கா. பதினாறுல ஓதுனதுக்கு நான் என்ன பதில் சொல்ல?”

“அது யாருக்குத் தெரியும்?”

மன்சூர் கையைத் துடைத்து, போனை எடுத்து நோண்டி நீட்டினார். அதில் நாசர் கட்டிலில் படுத்திருந்தார். பக்கத்தில் தொப்பியோடு உசாமா. மேலே, ‘என் மகன் நிக்காஹ், என் அண்ணன் மகளோடு, எல்லாரும் துவா செய்யுங்கள்’ என்று எழுதியிருந்தது. எழுதியவள் ஜாஹிரா பீவி. அண்ணன் கட்டிலோரம் உட்கார்ந்து, அழுகைக்கு நடுவில் ஃபேஸ்புக்கில் போட்டது.

“அத நான் அழிச்சுட்டனே!”

“நீங்க அழிச்சீங்கக்கா. அதை ஷேர் பண்ணவங்க யாரும் அழிக்கல. சிங்கப்பூர்ல இருந்து என் மச்சினன் இன்னைக்கும் வாழ்த்துச் சொல்லிக்கிட்டுக் கெடக்கான்.”

ஹஃப்சாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமி முறைத்தாள். பாதாமை மன்சூர் வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த யோசனை துல்கர்னைனுடையது. வீடியோ காலில் வந்து, கடையில் புதுச் சேலையை விரிப்பதுபோல விரித்தார். “உசாமா ஹஃப்சாவை விட்டுரட்டும். இத்தா மூணு மாசம் காத்திருந்து முடியட்டும். முடிஞ்ச மறுநாளே திரும்ப ஓதிருவோம். புது நிக்காஹ், புதுத் தேதி. மார்க்கத்துக்கும் சரி, அமெரிக்காவுக்கும் சரி.”

கவுண்டரில் சாவிகளை வரிசையாக மாட்டிக்கொண்டிருந்த ஹஃப்சா திரும்பினாள். “என்னை விட்டதாச் சொன்னா, எப்ப கட்டுனதை விட்டீங்கன்னு கேக்க மாட்டாங்களா மாமா?”

துல்கர்னைன் அதை வக்கீலிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கேட்டார். விண்ணப்பத்தில் முந்தைய மனைவியின் பெயரை எழுத இடம் இருக்கிறதாம். முந்தைய மனைவி ஹஃப்சா, இப்போதைய மனைவி ஹஃப்சா.

“என்னை வச்சே எனக்குச் சக்களத்தி கொண்டாந்துட்டாரு மாமா” என்று அவள் முப்பிடாதியிடம் சொன்னாள். லாட்ஜில் ரூம் கூட்டித் துடைக்கிறவள் முப்பிடாதி. நாசர் குடும்பத்தின் நல்லது கெட்டதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

“சிரிக்காதட்டி,” என்றாள் முப்பிடாதி. “ஊர்ல வாறவன் போறவனுக்கெல்லாம் சாவி எடுத்துக் குடுக்க. ஒனக்கு ஒரு கதவு தொறக்க மாட்டேங்குது.”

ஒரு கதவு இருக்கத்தான் செய்கிறது என்று வக்கீல் அம்மாள் கடைசியாகச் சொன்னாள். பெற்றோர் அங்கே முறையாக இருப்பதால் உசாமாவின் பிழையை மன்னிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அந்த மன்னிப்பைச் சும்மா போய்க் கேட்க முடியாது. அரசாங்கம் அவனை நாட்டைவிட்டு அனுப்ப வழக்குப் போட வேண்டும். அந்த வழக்கில் நின்றுதான் கேட்க முடியும். நீதிபதி மன்னித்தாலும் மன்னிப்பார், அனுப்பினாலும் அனுப்புவார். துரத்தப்படாதவனுக்கு மன்னிப்பு கிடையாது. ஆகவே இப்போதைக்கு விண்ணப்பம் எதுவும் போட வேண்டாம், குடியுரிமையும் கேட்க வேண்டாம், கல்யாணத்தைப் பற்றி எந்த அதிகாரியிடமும் வாயைத் திறக்க வேண்டாம் என்றாள். இந்த ஆலோசனைக்குக் கட்டணம் உண்டு.

உசாமா அதை அப்படியே பிடித்துக்கொண்டான். போனில் இருந்த கல்யாணப் படங்களை அழித்தான். ஹஃப்சாவின் பெயரை ‘லாட்ஜ்’ என்று மாற்றி வைத்துக்கொண்டான். ஒருநாள் அவள் கேட்டாள், சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“அப்ப நீங்க இங்கன வந்துருங்களேன் மச்சான்.”

“வந்து?”

“வந்து என்ன, லாட்ஜைப் பாருங்க. நான் கணக்கை எழுதுதேன்.”

“ஒன்னைக் கூட்டிக்கிட்டு வரத்தானட்டி இம்புட்டு வருஷம் இங்கன கெடக்கேன். இப்ப விட்டுட்டு வந்தா, இருந்ததுக்கு என்ன அர்த்தம்?”

அவளுக்காக அங்கே இருக்கிறான். இருப்பதாலேயே அவளோடு இருக்க முடியவில்லை. அத்தாவுக்கும் அம்மாவுக்கும் அங்கே நான்தானே என்றும் சொன்னான். அதுவும் உண்மைதான். வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வந்தான்.

இதில் அதிகமாகத் தேய்ந்துபோனவர் நாசர். பத்து வருஷமாக உயிரோடு இருப்பதற்கு மன்னிப்புக் கேட்கிற முகம் அவருக்கு வந்துவிட்டது. மகள் கவுண்டரில் கொட்டாவி விட்டால்கூட அவர் தலையைக் குனிந்துகொள்வார்.

“நான் அன்னைக்கே போயிருந்தா ஒனக்கு இந்தக் கஷ்டம் இல்ல.”

“நீங்க போயிருந்தாலும் ஓதுனது ஓதுனதுதான அத்தா. விசாவும் இருந்திருக்காது, நீங்களும் இருந்திருக்க மாட்டீங்க. மாத்திரை போட்டாச்சா?”

கணக்குப்படி அவள் சொன்னது சரி. நாசருக்கு அதில் ஆறுதல் ஏதும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

இந்த வருஷம் உசாமா சாரலுக்கே வந்தான். ஆனி பிறந்ததிலிருந்து மழை விடவில்லை, ஐந்தருவியில் ஐந்தும் ஒன்றாகக் கொட்டியது, லாட்ஜில் இடமில்லை. மாடியில் கடைசி ரூமை ஹஃப்சா தங்களுக்காக ஒதுக்கி வைத்திருந்தாள். கம்பளிச் சட்டையைக் கவரோடு எடுத்து அந்த ரூம் அலமாரியில் வைத்திருந்தாள். எதற்கென்று முப்பிடாதி கேட்டதற்கு, ரூம் குளிருது என்றாள்.

வந்த மூன்றாம் நாள் மத்தியானம் போலீஸ் வந்தது. சீசனில் லாட்ஜ்களைச் சரிபார்க்க வருவது வழக்கம்தான். புதிதாக மாற்றலாகி வந்த எஸ்.ஐ. வேல்விழி, நல்ல மாதிரி. நாசரை உட்காரச் சொல்லிவிட்டு, தங்கியிருப்பவர்களின் பெயர்களைப் பார்த்தார். ஹஃப்சா போட்டுக் கொடுத்த டீயைக் குடித்தார். யார் வந்தாலும் ரெண்டு பேர் ஆதாரையும் வாங்கிருங்கம்மா, பின்னால பிரச்சினை வேண்டாம் என்றார்.

அந்த நேரத்தில் உசாமா அருவியிலிருந்து வந்தான். தலை சொட்டிக்கொண்டிருந்தது. யாரையும் பார்க்காமல் நேரே வந்து, ஈரத் துண்டைக் கவுண்டர்மேல் போட்டான்.

“புழிஞ்சு போடுட்டி.”

“நீங்க புழிஞ்சா கை தேஞ்சுருமோ?”

வேல்விழி சிரித்தார். எவருக்கும் சிரிப்பு வரும். “யாரும்மா, வீட்டுக்காரரா?”

உசாமா அப்போதுதான் திரும்பிக் காக்கிச் சட்டையைப் பார்த்தான். ஹஃப்சா வாயைத் திறப்பதற்குள் சொன்னான்.

“இல்ல மேடம். எனக்குக் கல்யாணமாகல. இது எங்க மாமா மக.”

கூசாமல் சொன்னான். மும்பையில் சொன்ன அதே வேகம்.

வேல்விழியின் சிரிப்பு பாதியில் நின்றது. நாசர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முப்பிடாதி மாடிப்படியில் வாளியோடு நின்றுவிட்டாள்.

ஹஃப்சாவின் முழங்காலுக்குப் பக்கத்திலேயே மேசை டிராயர் இருந்தது. அதில் ஜமாஅத் கொடுத்த கல்யாணச் சான்றிதழ், மன்சூர் கையெழுத்தோடு, லேமினேட் பண்ணி வைத்திருந்தாள். அமெரிக்காவிடம் காட்டக் கூடாத அந்தக் காகிதம் செல்லுபடியாகக் கூடிய ஒரே இடம் இந்தக் கவுண்டர்தான். கேட்கிற ஆளும் எதிரிலேயே நிற்கிறார். கையை நீட்டினால் போதும்.

அவள் உசாமாவைப் பார்த்தாள். அவன் வேல்விழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நம்புகிறாரா இல்லையா என்று.

“ஆமா மேடம்,” என்றாள் ஹஃப்சா. “மாமி மகன். அமெரிக்காவுல இருந்து வந்திருக்காவ. கீழ சிங்கிள் ரூம் போட்டுக் குடுத்திருக்கு.”

வேல்விழி இருவரையும் ஒருமுறை பார்த்தார். தொழிலில் இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் பார்த்திருப்பார். மற்றவர்கள் கல்யாணமாகிவிட்டது என்றுதான் பொய் சொல்வார்கள். டீ டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஜீப் சத்தம் தேய்ந்ததும் உசாமா நெற்றியைத் துடைத்தான். “பழக்கத்துல வந்துருச்சுட்டி. யூனிபார்மைப் பாத்தா வாயில அதுதான் வருது.”

“தெரியும் மச்சான்.”

அவள் பலகையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கவுண்டர்மேல் வைத்தாள். மாடி ரூம் சாவி அல்ல. கிச்சனுக்குப் பக்கத்தில், வாடகைக்கு விடாத, ஒரு கட்டில் மட்டும் கொள்கிற ரூமின் சாவி.

“என்னட்டி இது? போலீசு போயாச்சுல்லா.”

“போயாச்சு. நீங்க சொன்னது இருக்குல்லா. ஏதாவது ப்ரூப் குடுங்க, என்ட்ரி போடணும்.”

விளையாடுகிறாள் என்று நினைத்து அவன் சிரித்தான். மாமாவைப் பார்த்தான். நாசர் தலையைக் குனிந்திருந்தார். ஹஃப்சா கையை நீட்டியபடியே இருந்தாள். கடைசியில் பர்சிலிருந்து கிரீன்கார்டை எடுத்துக் கொடுத்தான். அவள் அதன் இரண்டு பக்கத்தையும் பார்த்தாள், எண்ணை எழுதிக்கொண்டாள், திருப்பிக் கொடுத்தாள்.

அவன் சின்னச் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். வாசலில் வேன் ஒன்று வந்து நின்றது. குடையும் பைகளுமாக ஆட்கள் இறங்கினார்கள். ஈரத் துண்டு கவுண்டரில் கிடந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவனும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. முப்பிடாதி வாளியை வைத்துவிட்டு இறங்கி வந்து, துண்டைப் பிழிந்து கொடியில் போட்டாள்.